ஆர்க்டிக்கில் போர் விமானங்களை எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன்லாந்து, அலாஸ்கா, நார்வே என்று செய்திகளில் அடிபடும்போதெல்லாம் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நார்வேயைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். எந்தத் தளம் வேண்டும், எதை மூடலாம் என்று பல வருடங்கள் வெளிப்படையாகச் சண்டை போட்டு முடிவெடுத்த நாடு அது. மற்ற நாடுகளில் இந்த விவாதங்கள் பெரும்பாலும் மூடிய அறைக்குள் முடிந்துவிடுகின்றன.

பனியும் இருட்டுமாகக் கிடக்கும் இடத்தில் போர் விமானத்துக்கு என்ன வேலை?

உலக உருண்டையை மேலிருந்து பாருங்கள். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குறுக்குவழி வடதுருவம் வழியாகத்தான் போகிறது. குண்டுவீச்சு விமானத்துக்கும் அதுதான் வழி, ஏவுகணைக்கும் அதுதான். போதாததற்கு, ரஷ்யாவின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளில் பெரும்பகுதி மூர்மன்ஸ்க் பக்கத்துக் கோலா தீபகற்பத்தில் நிற்கிறது. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான 198 கி.மீ. எல்லை அந்தத் தீபகற்பத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. 2023இல் ஃபின்லாந்தும் 2024இல் ஸ்வீடனும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்த பிறகு, அந்த வட்டாரத்தில் ரஷ்யா தவிர மற்ற எல்லாரும் ஒரே அணி.

அப்படியானால் எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் தளம் இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். வரைபடம் அப்படித்தான் ஆசை காட்டும்.

நார்வேயின் வடகோடியில் பானக் என்றொரு விமானத் தளம் ஏற்கெனவே இருக்கிறது. ரஷ்ய எல்லையிலிருந்து வான்வழியில் 200 கி.மீ. அளவுதான். ஆனால் தன் புதிய எஃப்-35 போர் விமானங்களை நார்வே அங்கே வைக்கவில்லை. மீட்பு ஹெலிகாப்டர்கள்தான் அங்கே நிற்கின்றன. காரணம் எளிது. ரஷ்யாவின் இஸ்கந்தர் ஏவுகணை சுமார் 500 கி.மீ. பாயும். எல்லைக்கு அருகில் நிற்கும் விமானம் சீக்கிரம் கிளம்பலாம். கிளம்புவதற்குள் அதைத் தரையிலேயே அழித்துவிடவும் செய்யலாம். எச்சரிக்கை கிடைக்கும் நேரம் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைகிறது.

இன்னொரு விஷயம், கோலாவிலிருந்து கிளம்பும் ரஷ்ய விமானங்கள் வழக்கமாக நார்வேயின் நிலத்துக்கு மேலே வருவதில்லை. நார்வேயின் வடகோடி முனையைச் சுற்றிக்கொண்டு கடல் மேலேயே மேற்கே வந்து, பிறகு தெற்கே திரும்புகின்றன. அவற்றை எதிர்கொண்டு பார்த்துவிட்டு வர, எல்லை ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேற்குக் கரையில் சரியான இடத்தில் நின்றால் போதும்.

மூன்றாவதாக அரசியல். 1949இல் நேட்டோவில் சேர்ந்தபோதே, சமாதான காலத்தில் அந்நிய நாட்டுப் படைகளுக்குத் தன் மண்ணில் நிரந்தரத் தளம் கிடையாது என்று நார்வே அறிவித்தது. கிழக்குத் தீர்க்கரேகை 24 பாகைக்கு அப்பால் கூட்டாளி நாடுகளின் விமானங்கள் பறக்கக்கூடாது என்றும் வெகுகாலம் தானாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. பெரிய அண்டை வீட்டுக்காரரைத் தேவையில்லாமல் சீண்ட வேண்டாம் என்ற கணக்கு. பானக் அந்த 24 பாகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

சரி, நார்வே எங்கேதான் வைத்தது?

இரண்டாகப் பிரித்து வைத்தது. நாடாளுமன்றம் 2012இல் எடுத்த முடிவு இது: பிரதான தளம் ஓர்லாண்ட், வடக்கே எவெனெஸில் ஒரு முன்னணித் தளம். மொத்தம் 52 எஃப்-35கள் வாங்கப்பட்டன. முதல் விமானங்கள் 2017 நவம்பரில் ஓர்லாண்டில் இறங்கின.

ஓர்லாண்ட் ஆர்க்டிக் வட்டத்துக்கே தெற்கே, டிரோன்ட்ஹைம் ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீளமாக நுழையும் கடல்) வாயில் இருக்கிறது. ஆர்க்டிக்கைக் காக்கும் விமானத்தை ஆர்க்டிக்குக்கு வெளியே வைப்பதா என்று வடக்கு நார்வேயில் நிறையப் பேர் கொதித்தார்கள். ஆனால் ஒரு போர் விமானத் தளத்தின் அன்றாட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். எதிரியைத் துரத்துவது வருடத்தில் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பயிற்சி, பராமரிப்பு, சிமுலேட்டர், உதிரிபாகக் கிடங்கு, புது விமானிகளுக்கு வகுப்பு. இவற்றை இரண்டு இடத்தில் தனித்தனியாக நடத்தப் பணம் போதாது. நேட்டோவின் அவாக்ஸ் ரேடார் விமானங்கள் வந்து போகும் வசதியும் ஓர்லாண்டில் முன்பே இருந்தது. ஆகவே பட்டறையும் பள்ளியும் தெற்கே. ஆயுதம் பூட்டி, 15 நிமிடத்தில் கிளம்பத் தயாராக நிற்கும் ஜோடி விமானங்கள் மட்டும் வடக்கே எவெனெஸில். 2022 ஜனவரியிலிருந்து இந்த ஏற்பாடு ஓடுகிறது.

எவெனெஸில் அப்படி என்ன விசேஷம்?

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, எல்லையிலிருந்து ஏறக்குறைய 500 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. சிவில் விமான நிலையமும் அதுவேதான். ஓடுபாதை 2,800 மீட்டர். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. என்னைக் கேட்டால் முக்கியம் அருகிலிருக்கும் நார்விக் துறைமுகம். அவ்வளவு வடக்கே இருந்தும், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் அந்தத் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அங்கிருந்து ஸ்வீடனின் கிருனாவுக்கு ரயில் பாதையும் உண்டு. ஸ்வீடனின் இரும்புத்தாது பெரும்பாலும் அந்தப் பாதை வழியாகத்தான் வெளியே வருகிறது. அதனால்தான் 1940இல் நார்விக்குக்காக அத்தனை கடுமையாகச் சண்டை நடந்தது. எரிபொருளும் குண்டும் உதிரிபாகமும் வந்து சேர வழி இருக்கிற இடத்தில்தான் விமானம் நிற்க முடியும்.

குறையும் உண்டு. சுற்றிலும் மலை. பக்கத்திலேயே பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்களும் ஏரிகளும் இருக்கின்றன. கட்டுமானம் தொடங்கியபோது பறவைகளைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் நிறைய சர்ச்சை எழுந்தது.

பூடோ என்ற ஊர் பெரிய தளமாக இருந்ததே, அது என்ன ஆனது?

பூடோவுக்குப் பழைய வரலாறு உண்டு. 1960 மே 1ஆம் தேதி பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து கிளம்பிய அமெரிக்க யு-2 உளவு விமானம் பூடோவில்தான் இறங்குவதாக இருந்தது. வழியில் சோவியத் யூனியன் அதைச் சுட்டு வீழ்த்தியது. நார்வேயின் பழைய எஃப்-16 போர் விமானங்கள் 2022 ஜனவரி வரை அங்கிருந்துதான் காவல் பறந்தன.

அந்தத் தளம் ஊருக்கு ஒட்டினாற்போல் இருந்தது. எஃப்-35 போடும் சத்தம் எஃப்-16ஐவிட அதிகம். பூடோவில் வைத்தால் சத்தத்தில் அவதிப்படும் வீடுகள் மிக அதிகமாகியிருக்கும். ஓர்லாண்டிலும் சத்தப் பிரச்சினை வராமல் இல்லை. சுற்றியிருந்த வீடுகள் பலவற்றை அரசு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இப்போது பூடோவில் ஓடுபாதையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் ஊரை விரிக்கத் திட்டம். விமானம் போனாலும் கட்டளை அறை போகவில்லை. நேட்டோவின் வான்நடவடிக்கை மையம் ஒன்று 2025இல் அங்கே திறக்கப்பட்டது.

குளிரில் விமானம் சரியாகப் பறக்குமா? நம் லே, சியாச்சின் போலத்தான் சிரமமா?

சிரமம் உண்டு, ஆனால் வேறு மாதிரி. லே விமான நிலையம் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; அங்கே காற்று மெல்லிசு. எஞ்சினுக்கும் இறக்கைக்கும் பிடிமானம் போதாது, அதனால் சுமையைக் குறைத்துப் பறக்க வேண்டும். ஆர்க்டிக் தளங்கள் பெரும்பாலும் கடல் மட்டத்தில் இருப்பவை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எஞ்சின் நன்றாக இழுக்கும், விமானம் சீக்கிரமே தரையை விட்டு எழும்பும். பறக்கிற விமானத்துக்குக் குளிர் நண்பன்தான்.

தொல்லையெல்லாம் தரையில். அலாஸ்காவின் ஐல்சன் தளத்தை எடுத்துக்கொள்வோம். 54 எஃப்-35கள் நிற்கும் இடம். குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி சாதாரணம். ஊழியர்கள் தங்கள் காரின் எஞ்சினைக்கூட மின்சாரத்தில் செருகி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார்கள்.

2025 ஜனவரி 28 அன்று அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெப்பநிலை மைனஸ் 18. அந்த ஊருக்கு அது பெரிய குளிரே இல்லை. ஒரு எஃப்-35 கிளம்பியது. சக்கரங்களை உள்ளே இழுத்தபோது முன்சக்கரம் நேராக மடங்காமல் கோணலாகச் சிக்கிக்கொண்டது. விமானி வானில் வட்டமடித்தபடியே தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்களுடன் தொலைபேசிக் கூட்டழைப்பில் 50 நிமிடம் பேசினார். ஓடுபாதையைத் தொட்டுத் தொட்டு எழும்பி முன்சக்கரத்தை நேராக்கப் பார்த்தார். நடக்கவில்லை. அதற்குள் பின்சக்கரங்களும் முழுதாக நீளாமல் நின்றுவிட்டன. சக்கரத்திலிருந்த உணரிகள் விமானம் தரையில் நிற்பதாகக் கணினிக்குச் சொல்ல, அதுவும் தரையில் ஓடும் முறைக்குத் தன்னை மாற்றிக்கொண்டது. அதன் பிறகு விமானம் கட்டுக்குள் இல்லை. விமானி இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்; விமானம் ஓடுபாதைப் பக்கம் விழுந்து எரிந்தது. விசாரணையில் தெரிந்தது என்ன? சக்கரத்தை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. முன்சக்கரப் பகுதியில் எடுத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அது உறைந்து அடைத்துக்கொண்டது.

அந்த எண்ணெய்ப் பீப்பாயைச் சரியாக மூடிப் பாதுகாக்காத தவறு வெப்பநாட்டில் நடந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. குளிர்தேசத் தளத்தில் எண்ணெய்ப் பீப்பாயை வைக்கும் கொட்டகைக்குக்கூட வசதியும் ஆளும் வேண்டும்.

பனி படிந்த ஓடுபாதையில் எப்படி இறங்குகிறார்கள்?

குளிர் அதிகமானால் வழுக்கலும் அதிகம் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். மைனஸ் 30இல் பனிக்கட்டி காய்ந்து கரகரப்பாக இருக்கும். டயர் ஓரளவு பிடிக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில், பனிக்கட்டி மேல் தண்ணீர் மினுக்கும்போதுதான் மோசம். நார்வேக் கரையோரத்தில் குளிர்காலத்தில் பெரும்பாலும் இந்த நிலைதான்: காலையில் மழை, மதியம் பனி, ராத்திரி எல்லாம் சேர்ந்து உறைந்துவிடும். அலாஸ்கா உள்நாட்டைவிட எவெனெஸ் மிதமான குளிர் என்பதால் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம்.

சாலையில் தூவுவது போல மணல் தூவலாமே என்றால், ஜெட் எஞ்சின் மணலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சுரண்டுவது, பெருக்குவது, உறைவைத் தடுக்கும் ரசாயனம் தெளிப்பது என்று ஓயாத வேலை. இதற்காகவே எஃப்-35க்கு வால்பக்கப் பாராசூட் வேண்டும் என்று நார்வே கேட்டு வாங்கியது. இரண்டு வால்களுக்கும் நடுவே முதுகில் ஒரு சின்னக் கூடு. இறங்கியதும் பாராசூட் விரிந்து வேகத்தைப் பிடித்து இழுக்கும். ரேடாரில் தெரியாத விமானத்தின் முதுகில் ஒரு புடைப்பு வைப்பது பொறியாளர்களுக்குப் பிடிக்காத வேலையாகத்தான் இருந்திருக்கும்.

நிலமே உறைந்து கல்லாக இருக்குமே, கட்டடம் கட்ட அது நல்லதுதானே?

உறைந்திருக்கும் வரை நல்லது. மேலே கருப்புத் தார் போட்டால் வெயிலை உறிஞ்சும். சூடான கட்டடம் கட்டினால் கீழே வெப்பம் இறங்கும். அடியிலிருக்கும் பனிக்கட்டி உருகினால் நிலம் அமுங்கும், ஓடுபாதை அலை அலையாகிவிடும். கிரீன்லாந்தில் அமெரிக்காவின் தூலே தளத்தில் ஓடுபாதைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தது இதற்காகத்தான். கனடாவின் இனுவிக் ஊரில் கட்டடங்கள் தூண்கள் மேல் நிற்கின்றன, தண்ணீர்க் குழாய்கள் தரைக்கு மேலே பெட்டிக்குள் ஓடுகின்றன. இப்போது புவி சூடேறுவதால் பழைய கணக்கெல்லாம் ஆட்டம் காண்கிறது. நார்வேயின் கரையோரத் தளங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே நிரந்தர உறைநிலம் இல்லை.

தூலே தளத்தை ஏன் அவ்வளவு மேலே கொண்டுபோய் வைத்தார்கள்?

1950களின் தொடக்கத்தில் குண்டுவீச்சு விமானங்கள் இவ்வளவு தூரம் பறக்க முடியாது. அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் நடுவழியில் ஓர் ஓடுபாதை தேவைப்பட்டது. 1951இல் கிரீன்லாந்தை ஆண்ட டென்மார்க்குடன் ஒப்பந்தம் போட்டு, அந்தக் கோடையிலேயே 12,000 பேரை இறக்கி ரகசியமாகக் கட்டினார்கள். ஆழமான விரிகுடா இருந்ததால்தான் அந்த இடம். அப்போதும் கடல் வருடத்தில் சில மாதமே திறந்திருக்கும். இன்றைக்கும் வருடாந்தர மளிகை, எரிபொருள் எல்லாம் அந்தக் கோடைக்குள் கப்பலில் வந்தாக வேண்டும். காற்றும் சாதாரணமல்ல: 1972 மார்ச்சில் தளத்தின் ஓரத்தில் மணிக்கு 333 கி.மீ. வேகம் பதிவானது.

அந்த இடம் காலியாக இருக்கவில்லை. இனுகுயிட் என்ற பூர்வகுடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த நிலம் அது. 1953இல் அவர்களை நூறு கி.மீ.க்கும் மேல் வடக்கே கானாக்குக்குப் பெயரவைத்தார்கள். அது கட்டாய வெளியேற்றம்தான் என்று டென்மார்க் நீதிமன்றம் 1999இல்தான் சொன்னது. பிரதமரும் மன்னிப்புக் கேட்டார். நடுவில் 1968 ஜனவரி 21 அன்று நான்கு ஹைட்ரஜன் குண்டுகளுடன் வந்த ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் தளத்துக்கு அருகே கடல்பனியில் விழுந்து கதிரியக்கம் பரவியது. யாரும் வாழாத வெள்ளை வெளி என்று வரைபடத்தில் தெரிகிற இடத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தூலேயின் இன்றைய பெயர் பிடுஃபிக் விண்வெளித் தளம். நீண்டதூர விமானங்களும் வானிலேயே எரிபொருள் நிரப்புவதும் வந்த பிறகு, அங்கே முக்கிய வேலை ஏவுகணையைப் பார்க்கும் ரேடாருக்குப் போய்விட்டது.

கனடா இவ்வளவு பெரிய வடக்கை வைத்துக்கொண்டு ஏன் அங்கே போர் விமானம் நிறுத்தவில்லை?

ஆள் இல்லை, சாலை இல்லை. கனடாவின் போர் விமானங்கள் தெற்கே கோல்ட் லேக், பகோட்வில் ஆகிய இடங்களில் நிற்கின்றன. இனுவிக், யெல்லோநைஃப், இக்காலுயிட், ரேங்கின் இன்லெட் ஆகிய நான்கு ஊர்களில் ஓடுபாதையும் கொட்டகையும் தயாராக இருக்கும். தேவைப்படும்போது விமானங்கள் போய் இறங்கித் தங்கிவிட்டுத் திரும்பும். சிக்கனமான ஏற்பாடு, ஆனால் கோல்ட் லேக்கிலிருந்து இனுவிக் ஏறத்தாழ 1,950 கி.மீ. அவசரத்துக்கு அது நீண்ட தூரம்தான்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் இன்னும் வடக்கே இருக்கின்றனவே?

அங்கே கடற்படைத் தளமோ அரணோ கட்டக்கூடாது, போர் நோக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1920ஆம் வருட ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியாவும் அதில் ஒரு தரப்பு; 2008 முதல் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கே இயங்குவதும் அந்த உரிமையில்தான்.

ரஷ்யா தீவுகளிலேயே தளம் கட்டியிருக்கிறதே, அவர்களால் மட்டும் எப்படி?

பிரான்ஸ் ஜோசஃப் தீவுக்கூட்டத்தில், 80 பாகைக்கும் வடக்கே நகுர்ஸ்கோயே தளம் இருக்கிறது. கட்டடங்களை ஒன்றோடொன்று மூடிய நடைபாதையால் இணைத்து, வெளியே வராமலே வாழும்படி கட்டியிருக்கிறார்கள். வட கடல்வழி முழுவதும் தன் கரையை ஒட்டி ஓடுவதால் ரஷ்யாவுக்கு அதற்கு நியாயம் உண்டு. கடல்பனியை உடைத்துச் செல்லும் அணுசக்தி ஐஸ்பிரேக்கர் கப்பல்களும் கையில் இருக்கின்றன. ஆனாலும் அவர்களுடைய கனமான குண்டுவீச்சு விமானங்கள் கோலாவின் ஒலென்யா போன்ற பழைய, ரயிலும் ஊரும் பக்கத்தில் உள்ள தளங்களில்தான் நின்றன. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன டிரோன்கள் அந்த ஒலென்யாவையும் தாக்கின. உக்ரைன் எல்லையிலிருந்து ஏறத்தாழ 1,800 கி.மீ. தள்ளி நின்றும் தப்பவில்லை.

அப்படியென்றால் தூரமும் காப்பாற்றாது என்றால் என்னதான் வழி?

ஒரே இடத்தில் குவிக்காமல் இருப்பது. இதில் ஃபின்லாந்துதான் ஆசான். நெடுஞ்சாலையின் ஒரு பகுதியை அகலமாக, நேராகப் போட்டுவைத்து, வருடாவருடம் விமானங்களை அதில் இறக்கிப் பழகுகிறார்கள். 2023 செப்டம்பரில் நார்வேயின் எஃப்-35களும் ஃபின்லாந்தின் டெர்வோ பக்கத்துச் சாலையில் இறங்கின. அந்த ரக விமானம் நெடுஞ்சாலையில் இறங்கியது அதுதான் முதல்முறை. ஃபின்லாந்து தனக்கென 64 எஃப்-35கள் வாங்குகிறது. முதல் பங்கு ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவனியெமிக்கு. சாலையில் இறக்கினாலும் எரிபொருள் லாரியும் மெக்கானிக்கும் அங்கே போய்ச் சேர வேண்டுமே என்பது மட்டும் மறந்துவிடக்கூடாது.

ஒரு தளத்தை மூடிவிட்டால் பிறகு திறக்க முடியுமா?

ஆண்டோயா தீவின் கதை இதற்குப் பதில். எவெனெஸுக்கு வடக்கே, திறந்த கடலைப் பார்த்தபடி சமதளமான சதுப்பில் அமைந்த தளம். நீர்மூழ்கிகளைத் தேடும் ஓரியன் விமானங்கள் பனிப்போர்க் காலத்தில் அங்கிருந்துதான் பறந்தன. 2016இல் நாடாளுமன்றம் அதை மூட முடிவெடுத்தது. அதே வேலைக்குப் புதிதாக வாங்கும் ஐந்து பி-8 பொசைடன் விமானங்களை எவெனெஸில் வைப்பது என்றும் முடிவானது. வான்பாதுகாப்பு ஏவுகணைகளை இரண்டு இடத்தில் வைக்காமல் ஒரே இடத்தில் வைத்தால் செலவு மிச்சம் என்பது வாதம். தீவில் சில ஆயிரம் பேர்தான். தளம் போனால் வேலையும் போகும், பள்ளிக்கூடமும் காலியாகும் என்று ஊரே எதிர்த்தது. முடிவு மாறவில்லை. 2022 பிப்ரவரியில் முதல் பி-8 எவெனெஸில் இறங்கியது. அதே மாதம்தான் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது.

அப்புறம் கணக்கு மாறிப்போனது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் இப்போது ஆபத்தாகத் தெரிகிறது. தொலைதூர டிரோன்களுக்கான தளமாக நார்வே அரசு ஆண்டோயாவையே தேர்ந்தெடுத்திருக்கிறது. அமெரிக்கப் படைகள் வந்து பயன்படுத்தலாம் என்று 2024இல் சேர்த்த இடங்களின் பட்டியலிலும் ஆண்டோயா உண்டு. என் கருத்தில் 2016 முடிவு அன்றைய பட்ஜெட்டுக்குச் சரி, நிலவியலுக்குத் தவறு. ஓடுபாதையை யாரும் பெயர்த்தெடுக்காததால் அந்தத் தவறை ஓரளவு திருத்த முடிகிறது. எவெனெஸுக்கும் வேறு வேலைக்கும் போய்விட்ட அனுபவசாலி மெக்கானிக்குகளை மட்டும் புதிதாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.